முட்டுக்கட்டை போடுகிறவன்

மட்கார்டில் தட்டிய சத்தம் கட்டையின் சத்தமாக இல்லை.

உலர்ந்த பலாக்கட்டையால் தகரத்தில் தட்டினால் சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம் வரும். எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் அது தனியாகக் கேட்கும். இப்போது கேட்டது, ஈரமான உள்ளங்கையால் பானையின் வயிற்றில் தட்டினால் வருகிற சத்தம். லூக்காஸ் இடுப்போடு உடம்பைத் திருகி, இடது கையை இருக்கையின் முதுகில் ஊன்றி, வலது கையால் மட்டும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் வாலுக்குப் பின்னால் பனிமூட்டத்துக்குள் ஏறிப்போகும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை எடுக்க வழியில்லை. கட்டை மழையில் ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் பக்கத்தில் மனைவி அற்புதமலர் மடியில் குழந்தையோடு, அவனுக்கு நேர் எதிர்த்திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டியின் முகம் மலையடிவாரத்தைப் பார்த்திருந்தது. வால் உச்சியைப் பார்த்திருந்தது. அந்த வண்டி கருக்கமலைத் தோட்டத்துக்கு எப்போதும் அப்படித்தான் ஏறும், பின்பக்கமாக.

அதற்குக் காரணம் உண்டு. அந்த வண்டியில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளிவிட எந்த இயந்திரமும் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுபோல, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடினால்தான் உண்டு. சமதரையில் தொட்டி மேடு, எஞ்சின் பள்ளம். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கியதும் கதை தலைகீழாகிவிடும். எஞ்சின் மேட்டுக்குப் போய்விடும், பெட்ரோல் தொட்டியிலேயே தங்கிவிடும், நாலு இருமல் இருமி வண்டி நின்றுவிடும். அதே வண்டியைத் திருப்பி நிறுத்திப் பின்பக்கமாக ஏற்றினால் மூக்கு பள்ளத்தில் இருக்கும், பெட்ரோல் தடையில்லாமல் இறங்கும். போதாததற்கு, இருக்கிற கியர்களிலேயே ரிவர்ஸ் கியருக்குத்தான் இழுவை அதிகம். ஆகவே அப்புத்தளைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்துப் பாதையில், ஆட்டுப்பாலத்திலிருந்து பங்களா வரைக்கும், லூக்காஸ் கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்டினான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். வண்டி பின்பக்கமாக ஏறும்போது பாரமெல்லாம் பள்ளத்துப் பக்கம், அதாவது முன்சக்கரங்களுக்கு, இறங்கிவிடும். பாரமில்லாத பின்சக்கரம் ஈரமண்ணில் எதைப் பிடிக்கும்? நடுவழியில் நின்றால் பிரேக்கை இழுத்தாலும் வண்டி மெல்ல நழுவும். அதனால்தான் மாரிசாமி. மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே அந்தப் பாதையில் ஏற்றத்துக்கு ஒரு ஆள் முட்டுக்கட்டையோடு நடப்பான். வண்டி நின்ற கணம் சக்கரத்தின் பள்ளத்துப் பக்கம் கட்டையைச் செருகுவது அவன் வேலை. வண்டி பின்பக்கமாக ஏறுவதால் மாரிசாமி அதன் முகத்துக்கு முன்னால், விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில் நடப்பான். டிரைவருக்கு அவன் தெரியமாட்டான். ஆகவே கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை கட்டையால் இடதுபக்க மட்கார்டில் ஒரு தட்டு. நான் இருக்கிறேன், நீ போ என்று பொருள். தட்டு வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

தட்டு வந்துகொண்டுதான் இருந்தது.

முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு தோட்டத்துத் துரை அந்த வண்டியைக் கொழும்பில் யாரோ ஒரு பந்தயக்காரரிடம் வாங்கிவந்தார். இரண்டே இருக்கை, தோணியைப் போலக் கூர்ந்த வால், முகத்தில் பிதுங்கிய இரண்டு கார்பைட் விளக்குகள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனங்கள் அதற்குத் தவளை வண்டி என்று பெயர் வைத்தார்கள். ஊவாவில் ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் மற்ற துரைமார் மோட்டார்களைக் கித்தான் போட்டு மூடிவிட்டுக் குதிரைக்கு மாறிவிடுவார்கள். இந்தத் துரை மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓட்டினார். ஓடாத வண்டிதான் கெடும் என்பது அவர் கட்சி. அதில் நியாயமும் இருந்தது. மேக்னெட்டோவில் ஈரம் ஏறினால் பொறி பிறக்காது. கிளச்சில் உள்ள தோல் காய்ந்தால் விறைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் மருந்து ஓட்டம்தான். ஆகவே துரை கொழும்பில் இருக்கும் நாட்களிலும், மழையோ பனியோ, வண்டியை வெளியே எடுக்கும்படி லூக்காஸுக்கு உத்தரவு.

அந்த உத்தரவை வைத்துத்தான் அன்று காலை அவன் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான்.

அற்புதமலருக்கு இது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் லயத்துக் காம்பராவில் பிறந்தவை. ஈரச் சுவரும் புகையும் குளிருமாக இருந்த அந்த அறையில் ஒன்று நாலு நாள் இருந்தது. மற்றது ஒரு வாரம். இரண்டுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். இந்தப் பெண் குழந்தைக்கு இன்னும் வைக்கவில்லை. வைக்க இருவருக்கும் பயம். பதுளையில் நர்ஸம்மா குழந்தையைக் கையில் கொடுக்கும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள், குளிர் மட்டும் படக்கூடாது. துரை தன் பங்களா சமையலறைக்குப் பக்கத்தில், அடுப்புச் சூடு சுவரில் ஏறும் ஒரு அறையை லூக்காஸுக்குக் கொடுத்திருந்தார். குழந்தை அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். லூக்காஸுக்கு அன்று உலகத்தில் வேறு கவலை கிடையாது.

ஹாலிஎல தாண்டும்வரை வெயில் இருந்தது. பண்டாரவளையில் தூறல். அப்புத்தளைக்கு வந்தபோது மாலை நான்கு மணிக்கே இருட்டுகிற மாதிரி பனிமூடம் இறங்கிவிட்டது. ஸலீம் நானாவின் கடை வாசலில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினான்.

“என்ன டைவரே, இன்னைக்கும் முதுகக் காட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போறீங்களா?” என்றார் ஸலீம். “புகுந்த வீட்டுக்குப் போற பொண்ணு மாதிரி, போற எடத்தப் பாக்காமப் பொறப்பட்ட எடத்தையே பாத்துக்கிட்டு.”

“நான் போற எடத்தத்தான் பாக்கிறேன் நானா. வண்டிதான் பாக்காது.”

ஸலீம் எட்டிக் குழந்தையைப் பார்த்தார். சிரிப்பு குறைந்தது. “மேல காலையில இருந்து மழை விடலியே. தங்கச்சிய எறக்குங்க. நம்ம வீட்டம்மா றஷீதா உள்ள வெந்நீர் வச்சிருக்கா. ராத்திரி இருந்துட்டு வெடிஞ்சு போகலாம்.”

அற்புதமலர் லூக்காஸைப் பார்த்தாள். அவன் கடையைப் பார்த்தான். பலகைக்குப் பலகை இடைவெளி, கீழே ஈரம் கசிகிற மண்தரை, இருமிக்கொண்டிருக்கிற இரண்டு வண்டிக்காரர்கள்.

“இல்ல நானா. எஞ்சின் சூடா இருக்கு. சூட்டோட போயிட்டா அரை மணியில அடுப்பண்ட போயிருவோம்.”

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டான்.

ஆட்டுப்பாலத்தில் வண்டியைத் திருப்பியபோது கைப்பிடிச் சுவரோரம் மாரிசாமி நின்றுகொண்டிருந்தான். சொன்ன சொல் தவறாதவன். கறுப்புக் கம்பளியைத் தலையிலிருந்து முழங்கால்வரை மடித்துப் போர்த்தியிருந்தான்; மழைக்காலத்தில் தோட்டத்தில் ஆண், பெண் எல்லோருக்கும் அதுதான் குடை, அதுதான் சட்டை. மூடத்தில் விளக்கு வெளிச்சம் பாதையில் விழாது. நீர்த்துளிகளில் பட்டு அங்கேயே நின்றுவிடும். கண்ணுக்கு முன் ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும். அந்தச் சுவரின் ஓரத்தில் ஒரு கறுப்பு நிழலாக அவன் அசைந்து வந்து வண்டியின் முகத்துக்கு முன்னால் நின்றான். பேச்சில்லை. எஞ்சின் சத்தத்தில் பேசிப் பயனும் இல்லை. பின்னால் பார்க்க வேண்டுமென்றால் வண்டியின் கித்தான் கூரையை மடித்தாக வேண்டும். லூக்காஸ் மடித்தான். குளிர் உள்ளே இறங்கியது. அற்புதமலர் குழந்தையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“போலாமா மாரிசாமி?”

தட்டு வந்தது. அந்த முதல் தட்டே மெத்தென்று இருந்தது என்பது லூக்காஸுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பாதை தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறியது. இடது கையோரம் மண்வெட்டிய சுவர், அதில் பாசியும் பெரணியும். வலது கையோரம் ஒன்றுமில்லை. சுண்ணாம்பு பூசிய கற்கள் மட்டும் வரிசையாக விளிம்பைக் காட்டின. நீர் சொட்டும் சத்தம், சக்கரத்தடியில் சரளை நொறுங்கும் சத்தம், எங்கோ கீழே பீலியில் தண்ணீர் விழும் சத்தம். சூடான எண்ணெயும் கார்பைடின் பூண்டு நாற்றமும் மூக்கில் ஏறின. அவற்றுக்கிடையே வேறொரு வாசமும் வந்தது. புதிதாக வெட்டிய மண்ணின் வாசம். மாரிசாமி வழக்கமாகப் பீடி குடிப்பான். ஏற்றம் முழுக்க அந்தப் புகை வண்டிக்குள் வரும். இன்று வரவில்லை. மழையில் பீடி பற்றாது என்று அதற்கும் லூக்காஸ் ஒரு காரணம் கண்டுபிடித்தான்.

“அற்புதம், மாரிசாமி வர்றானா?”

“வர்றாரு.”

“எங்க வர்றான்?”

“வெளக்குக்குப் பக்கத்துல. மூஞ்சி தெரியல. கம்பளிய நல்லா இழுத்து விட்டிருக்காரு.” எட்டிப் பார்த்து, “அவரு இவ்வளவு ஒசரமா?” என்றாள்.

“நீ ஒக்காந்து பாக்கிறதால அப்படித் தெரியுது.”

குழந்தை சிணுங்க ஆரம்பித்தது.

இரண்டாவது முடக்கு வளைவைத் தாண்டியதும் எஞ்சின் இருமியது. ஒரு சிலிண்டர் தப்பி, மறுபடி பிடித்து, மறுபடி தப்பியது. லூக்காஸ் வண்டியை நிறுத்திப் பிரேக்கை இழுத்தான். எதிர்பார்த்தபடியே வண்டி நழுவியது. அந்தக் கணத்தில் கட்டை விழும், சக்கரம் அதில் இடித்து ஒரு உலுக்கலோடு நிற்கும். பற்கள் ஒன்றோடொன்று மோதும். அதற்குத் தயாராகத் தாடையை இறுக்கிக்கொண்டான்.

உலுக்கல் இல்லை. வண்டி ஒரு முழம் இறங்கி, எதிலோ மெல்ல அழுந்தி, நின்றது. ஊறிய வைக்கோல் மூட்டையின்மேல் சக்கரம் ஏறினாற்போல. அழுந்தியது கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி அழுந்தியது.

மூச்சுவிடுவதுபோல.

“மாரிசாமி, கட்டையா போட்ட?”

மட்கார்டில் மெத்தென்று ஒரு தட்டு.

“குனிஞ்சு நிக்கிறாரு,” என்றாள் அற்புதமலர். “சக்கரத்துக்குக் கிட்ட. கையால புடிச்சிருக்காரு போல.”

“கையாலயா? இந்த வண்டிய ஒரு ஆளு கையால எப்படிப் புடிப்பான்?”

குழந்தை இப்போது அழுதது. அவள் அதை மாறி மாறித் தோளில் போட்டுத் தட்டினாள். லூக்காஸ் காற்றுத் திருகைச் சரிசெய்தான். எஞ்சின் சீரானது. இறங்கிப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இறங்கினால் காலடியில் இருக்கும் பிரேக்கை யார் மிதிப்பது? கைப்பிரேக் மட்டும் தாங்காது. அவன் இறங்கவில்லை. வண்டி மேலே நகர்ந்தது.

“பசிக்குதுங்க இதுக்கு. கொஞ்சம் நிறுத்தினீங்கன்னா...”

“கூரையில்லாம இந்தக் குளிர்லயா? மேல போய்க் குடுத்துக்கலாம். ஒரே ஒரு முடக்குதான் பாக்கி.”

அந்த ஒரு முடக்குதான் பாதையிலேயே பொல்லாதது. ஒரே மூச்சில் திரும்ப முடியாது. பின்சக்கரத்தை விளிம்புக்கல் வரைக்கும் கொண்டுபோய், வண்டியைச் சற்றே முன்னே இறக்கி, மறுபடி பின்னே ஏற்றி, இரண்டு தவணையாகத் திருப்ப வேண்டும். முன்னே இறக்கும் அந்தச் சில அடி தூரம் வண்டியின் முகம் பள்ளத்தாக்கையே பார்த்திருக்கும். அந்த இடத்தில் மாட்டுவண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வண்டியில் இருப்பவர்கள் இறங்கி நடப்பார்கள். நடக்க முடியாதவர் இருந்தால், கைக்குழந்தையையாவது முட்டுக்கட்டை ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். வண்டி போனாலும் பிள்ளை பாதையில் நிற்கும் என்பது கணக்கு. நல்ல வழக்கம்தான். மோட்டார் வந்த பிறகும் அது மாறவில்லை. போன வருஷம் தோட்டத்து மேற்பார்வையாளரான கனக்கப்பிள்ளையின் பேரனை மாரிசாமிதான் இந்த முடக்கில் தூக்கிக்கொண்டு நடந்தான்.

அற்புதமலர் தையல் போட்ட உடம்போடு இறங்கி நடக்க முடியாது.

“புள்ளைய மாரிசாமிகிட்ட குடு,” என்றான் லூக்காஸ்.

அவள் குழந்தையைச் சேலைக்குள் இன்னும் இறுக்கினாள்.

“குடு அற்புதம். முடக்கு தாண்டுற வரைக்கும்தான். நம்ம ரெண்டு பேரும் போனாலும் அது இருக்கட்டும்.”

“நீங்க ஒரு தடவ திரும்பிப் பாருங்களேன்.”

“என்னத்த?”

“சும்மா. ஒரு தடவ.”

பின்சக்கரம் விளிம்புக்கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கல்லுக்கு அப்பால் வெண்மை. அந்தக் கல்லிலிருந்து கண்ணை எடுத்தால் கல் எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். “இப்ப திரும்பினா மூணு பேரும் கீழதான். குடுத்துரு.”

சேலை சரசரத்தது. அவள் முன்னால் சாய்ந்ததில் இருக்கையின் சுருள்கம்பி முனகியது. ஈரமண் வாசம் முகத்துக்கு நேரே வந்து போனது. அழுகை அவன் தோளுக்குப் பக்கத்திலிருந்து நகர்ந்து, கண்ணாடியைத் தாண்டி, விளக்கின் பக்கம் போனது.

“குடுத்துட்டேன்,” என்றாள். பிறகு, குரல் இறங்கி, “வாங்கின கை ரெண்டும் சில்லுனு இருந்துச்சு.”

“மழையில நடக்கிறவன் கை வேற எப்படி இருக்கும்?”

லூக்காஸ் வண்டியை முன்னே இறக்கினான். பின்னே ஏற்றினான். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து, கிளச்சை மயிரிழை மயிரிழையாக விட்டு, பின்சக்கரம் சேற்றில் சுற்றி, பிடித்து, ஏறியது. முடக்கு திரும்பிவிட்டது. இனி நேர்ப்பாதை. பங்களா மூன்று சங்கிலி, இருநூறு அடி தூரம்கூட இல்லை.

மட்கார்டில் தட்டு வந்தது.

நல்லது, வருகிறான் என்று நினைத்தான். அப்புறம்தான் உறைத்தது.

கைக்குழந்தையை ஏந்த இரண்டு கையும் வேண்டும்.

மறுபடியும் ஒரு தட்டு.

“அற்புதம். அவன் புள்ளைய எப்படி வச்சிருக்கான்?”

“ரெண்டு கையாலயும் அணைச்சு.”

“அப்ப எது தட்டுது?”

அவள் முன்னால் எட்டிப் பார்க்க, சுருள்கம்பி மறுபடி முனகியது.

அப்போது மேலே, பாதையில், அவன் பார்த்துக்கொண்டிருந்த மூடத்துக்குள் ஒரு மஞ்சள் புள்ளி ஆடியது. அரிக்கேன் விளக்கு. யாரோ ஓடிவருகிறார்கள். கம்பளி காற்றில் விலகி முகம் தெரிந்தது. முன்பல் ஒன்று இல்லாத முகம். தோளில் பலாக்கட்டை.

“டைவரண்ணே! நிறுத்துங்க! மேல மண்ணு சரிஞ்சு கெடக்கு!”

மாரிசாமி.

லூக்காஸின் கால் தானாகப் பிரேக்கில் அழுந்தியது.

“கனக்கப்புள்ள விடவே இல்லண்ணே,” மாரிசாமி மூச்சிரைத்தான். “காலையில இருந்து மண்ணுதான் அள்ளிக்கிட்டு இருக்கோம். இந்த மழையில நீங்க அப்புத்தளையிலயே தங்கிருவீங்கன்னு நெனச்சேன். கட்டை போட ஆள் இல்லாம எப்படிண்ணே ஏறினீங்க?”

வண்டி நழுவத் தொடங்கியது. இம்முறை எதுவும் தாங்கவில்லை. ஒரு அடி. இரண்டு அடி. மாரிசாமி விளக்கைப் போட்டுவிட்டுப் பாய்ந்து முன்னால் ஓடிக் கட்டையைச் செருகினான். உலுக்கல். பற்கள் மோதின. வண்டி நின்றது.

உலுக்கல் இப்படித்தான் இருக்கும்.

அற்புதமலர் சக்கரத்தருகே குனிந்திருந்தவனையே பார்த்தாள். அவன் முகத்தை. அவன் வெறுங்கைகளை.

“மாரிசாமி, புள்ள எங்க?”

அவன் நிமிர்ந்தான். “எந்தப் புள்ளக்கா?”

கீழேயிருந்து அழுகை வந்தது.

லூக்காஸ் திரும்பினான். ஏற்றம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகத் திரும்பினான். கழுத்து நரம்பு சுளுக்கிக்கொண்டது. பாதை வளையும். விளக்கு வெளிச்சம் வளையாது. இரண்டு வெளிச்சமும் முடக்கின் சேற்றைத் தாண்டி, வெள்ளைக் கற்களைத் தாண்டி, பள்ளத்தாக்கின் மேல் நேராக நீண்டிருந்தன. அவற்றின் நடுவே, வண்டியிலிருந்து பத்துப் பதினைந்து அடியில், கம்பளி நின்றது. உயரமாக. அதன் மடிப்புக்குள் ஒரு சின்ன மூட்டை அசைந்தது.

அவன் குதித்து இறங்கினான்.

“குடுத்துரு,” என்றான். “அத மட்டும் குடுத்துரு.”

ஒரு அடி வைத்தான். அது ஒரு அடி பின்னால் வைத்தது. முகத்தை அவன் பக்கமே வைத்துக்கொண்டு, திரும்பாமல், பாதையைப் பாராமல், பின்பக்கமாக. அவன் ஓடினான். அதுவும் அதே வேகம். இடைவெளி குறையவில்லை, கூடவும் இல்லை. சேற்றில் அவன் காலடி மட்டும் கேட்டது. கீழே பார்த்தான். அது நின்ற இடத்தில் சேறு கலங்கவில்லை.

நின்றான். நின்றால் அதுவும் நிற்கும் என்று பட்டது. அதற்குப் பின்னால் ஒரே ஒரு அடிதான் பாதை. விளிம்புக்கல் அதன் குதிகாலில் இருந்தது. இன்னும் ஒரு அடி எடுத்தால் பிள்ளை கீழே. எடுக்காவிட்டால் பிள்ளை அதன் கையில்.

“நான் வரல,” என்றான். முழங்கால் சேற்றில் பதிந்தது. “இங்கயே இருக்கேன். பாரு. கீழ வச்சிரு. தாயே, கீழ வச்சிரு.”

ஏன் தாயே என்றான் என்று அவனுக்கே தெரியவில்லை.

கம்பளி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு பின்னால் ஒரு அடி வைத்தது. கல்லைத் தாண்டி.

விழவில்லை.

இன்னொரு அடி. இன்னொன்று. விளக்கு வெளிச்சம் விழுந்த மூடத்தின் மேல், தரையில் நடப்பதுபோல், அதே உயரத்தில். பள்ளத்தாக்கு அதற்குக் கீழே திறந்து கிடந்தது. ஆயிரம் அடிக்கு அங்கே தேயிலைகூட இல்லை.

பின்னால் அற்புதமலர் வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். அவள் வருவதும், மாரிசாமி அவளைப் பிடித்து இழுப்பதும், அவள் அவனை உதறுவதும் கேட்டன. லூக்காஸ் திரும்பவில்லை. சேற்றில் ஊர்ந்து போய், கைகளை நீட்டியபடி விளிம்புக்கல்லின்மேல் சாய்ந்திருந்தான். நீட்டிய விரல்களுக்கும் அதற்கும் நடுவே நாலு முழம் காற்று.

குழந்தை பசியில் வீறிட்டது. பால் கிடைக்காத பிள்ளையின் அழுகை, மூச்சே நின்றுவிடும்போல.

அது தலையைக் குனிந்து மூட்டையைப் பார்த்தது. பழகிய கையால் கம்பளியின் முன்பக்கத்தை விலக்கி, மூட்டையை உள்ளே வாங்கிக்கொண்டது.

அழுகை நின்றது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது. சின்ன உதடுகள் சப்பிச் சப்பிக் குடிக்கும் சத்தம், ஆசையோடு, அவசரத்தோடு. காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல், பள்ளத்தாக்கின் மேல், வெளிச்சத்தின் நடுவே நின்று, அது இடுப்பை ஒருபக்கம் சாய்த்துப் பிள்ளையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது.